கண்ணுக்கு எட்டும் ஒரே ஸ்தாயி

சூரியனைத் தொலைநோக்கி வழியாக நேரே பார்க்கக் கூடாது. நொடியில் பார்வை போய்விடும். வில்லியம் ஹெர்ஷலுக்கு அது நன்றாகத் தெரியும். ஜெர்மனியின் ஹானோவரில் பிறந்து, இங்கிலாந்துக்குப் போய் இசைக்கலைஞராகப் பிழைத்து, பிறகு வானியலுக்கு வந்தவர் அவர். 1781-ல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்து ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கியவர். 1800-ல், சூரியனைப் பார்ப்பதற்காகத் தொலைநோக்கியில் வெவ்வேறு நிறக் கண்ணாடிகளைப் பொருத்திச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் அவரை உறுத்தியது. சில கண்ணாடிகள் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்தன. ஆனால் கண்ணில் சூடு தாங்கவில்லை. வேறு சில கண்ணாடிகள் வெளிச்சத்தை நிறையவே விட்டன, சூடு தெரியவில்லை. வெளிச்சமும் சூடும் எப்போதும் சேர்ந்தே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லையோ?

முப்பட்டகம் ஒன்றை வைத்துச் சூரிய ஒளியை மேசைமேல் வண்ணப் பட்டையாக விரித்தார். குமிழில் கறுப்பு பூசிய வெப்பமானியை ஒரு நிறத்தில் வைத்து, பட்டைக்கு வெளியே வைத்த வெப்பமானிகளோடு ஒப்பிட்டார். ஊதாவில் சராசரியாக 2 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதல், பச்சையில் மூன்றேகால், சிவப்பில் ஏறத்தாழ 7. சிவப்பை நோக்கிப் போகப் போகச் சூடு ஏறியது. அந்த ஏற்றம் சிவப்பு முடியும் கோட்டோடு நின்றுவிடுமா? வெப்பமானியைச் சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத வெற்று மேசையில் வைத்தார். பாதரசம் அங்கேயும் ஏறியது.

அகச்சிவப்புக் கதிரின் கதையைப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இத்துடன் முடித்துக்கொள்கின்றன. இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் ஹெர்ஷல் சரியாகவே ஊகித்தார்: இதுவும் ஒளிதான், கண்ணுக்குத் தெரியாத ஒளி. பிறகு பலவகைக் கண்ணாடிகளையும் திரவங்களையும் எடுத்து, அவை ஒளியை எவ்வளவு விடுகின்றன, சூட்டை எவ்வளவு விடுகின்றன என்று பொறுமையாக அளந்தார். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. ஆகவே ஒளி வேறு, வெப்பக்கதிர் வேறு என்று அதே ஆண்டிலேயே கருத்தை மாற்றிக்கொண்டார். அளவீட்டில் பிழை இல்லை. ஒரே வகைக் கதிரின் ஒரு பகுதியை விட்டுவிட்டு மறுபகுதியை மட்டும் ஒரு கண்ணாடி தடுக்கக்கூடும் என்பதுதான் அன்று எட்டாத எண்ணம். இன்னொன்றும் இதில் கலந்திருந்தது. கண்ணாடி முப்பட்டகம் ஊதாப் பக்கத்தை அகல விரிக்கும், சிவப்புப் பக்கத்தை நெருக்கும். சிவப்புக்கு அப்பாலுள்ள கதிர்கள் குறுகிய இடத்தில் குவிந்ததால்தான் அங்கே சூடு அவ்வளவு தூக்கலாகத் தெரிந்தது. அலைநீளத்தைச் சமமாகக் கூறுபோட்டு அளந்தால் சூரிய ஒளியின் உச்சம் சுமார் 500 நானோமீட்டரில், பச்சையை ஒட்டி நிற்கிறது.

மறு ஆண்டே, ஜெர்மனியின் யேனா நகரில் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் எதிர்ப்பக்கத்தைத் தேடினார். இயற்கையில் எதற்கும் ஓர் எதிர்முனை உண்டு என்று நம்பியவர் அவர். சிவப்புக்கு அப்பால் ஒன்று இருக்கிறதென்றால் ஊதாவுக்கு அப்பாலும் ஒன்று இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். வாதம் பலவீனமானது, தேடல் பலித்தது. வெளிச்சம் பட்டால் கறுக்கும் வெள்ளிக் குளோரைடை வண்ணப் பட்டையில் வைத்தார். சிவப்பில் மெதுவாகக் கறுத்தது, ஊதாவில் வேகமாகக் கறுத்தது, ஊதாவைத் தாண்டிய இருட்டில் இன்னும் வேகமாகக் கறுத்தது. புறஊதாக் கதிர் அகப்பட்டது.

ஹெர்ஷல் இசைக்காரர் என்பதால் இதன் அளவை இசைக் கணக்கிலேயே சொல்லிப் பார்க்கலாம். சட்ஜமத்திலிருந்து மேல்ஸ்தாயிச் சட்ஜமத்துக்குப் போனால் அதிர்வெண் சரியாக இரட்டிப்பாகும். கண்ணுக்குத் தெரியும் ஒளி, ஆழ்ந்த சிவப்பில் சுமார் 750 நானோமீட்டர் அலைநீளத்தில் தொடங்கி ஊதாவில் சுமார் 380-ல் முடிகிறது. அலைநீளம் பாதியானால் அதிர்வெண் இரு மடங்கு. ஆக, கண்ணுக்கு வாய்த்தது ஒரே ஒரு ஸ்தாயி. வானவில், மயில்தோகை, தில்லையின் பொற்கூரை, பழுத்த மாம்பழத்தின் மஞ்சள் எல்லாமே அதற்குள் அடக்கம். மின்காந்த அலைகளில் மனிதன் கருவி வைத்துத் தொட்டிருப்பது இன்று எண்பது ஸ்தாயிக்கும் மேல். அடிமட்டத்துக்கு உதாரணம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருக்கிறது. விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் கடற்படை நிலையம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. அதன் ஒவ்வோர் அலையும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடல்நீர் மின்கடத்தி என்பதால் வேகமாக அதிரும் ரேடியோ அலைகள் அதில் உடனே செத்துவிடும். இவ்வளவு நிதானமாக அதிரும் அலைதான் சில மீட்டர் ஆழமாவது இறங்கும். மேல்மட்டத்தில், சீனாவின் சிச்சுவான் மலையில் 4,400 மீட்டர் உயரத்தில் நிற்கும் லாசோ ஆய்வகம் 2021-ல் அறிவித்த காமா கதிர் இருக்கிறது. அதன் அலைநீளம் ஒரு புரோட்டானின் குறுக்களவில் சுமார் இருபது லட்சத்தில் ஒரு பங்கு.

இவ்வளவும் ஒன்றே என்ற செய்தி முதலில் கிடைத்தது ஒளியைப் பார்த்து அல்ல, ஒரு ஜாடியிலிருந்து. 1856-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் வெபரும் ருடால்ஃப் கோல்ராஷும் ஒரு லைடன் ஜாடியில் மின்சாரத்தைச் சேமித்தார்கள். அதை நிலைமின் விசையால் ஒருமுறை அளந்தார்கள். கம்பிச்சுருள் வழியாக வடியவிட்டு, அது உண்டாக்கும் காந்த விசையால் மறுமுறை அளந்தார்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையிலான விகிதம், வேகத்தின் அலகில் வரும் ஓர் எண். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று தூண்டியபடி வெட்டவெளியில் அலையாக ஓட முடியும் என்று கணக்கில் கண்டார். அந்த அலையின் வேகம் என்ன என்று பார்க்க, வெபரும் கோல்ராஷும் தந்த எண்ணைப் போட்டார். நொடிக்குச் சுமார் 3,10,000 கிலோமீட்டர் என்று வந்தது. பிரான்சில் ஃபிசோ 1849-ல், சுழலும் பற்சக்கரத்தின் இடைவெளி வழியே ஒளியை அனுப்பி அளந்திருந்த ஒளிவேகம் சுமார் 3,15,000.

இரண்டு எண்ணும் உண்மையான 2,99,792-லிருந்து கொஞ்சம் விலகியவைதான். ஆனால் ஒன்று ஜாடியிலிருந்தும் கம்பியிலிருந்தும் வந்தது, மற்றது விளக்கொளியிலிருந்து வந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரு அறைகளில் பிறந்த எண்கள் இவ்வளவு நெருங்கி நிற்பது தற்செயலாக இருக்க முடியாது என்று மாக்ஸ்வெல் கண்டுகொண்ட அந்தக் கணம், மனித அறிவு அடைந்த பெரிய கணங்களில் ஒன்று என்பேன். 1865-ல் வெளியான அவருடைய கட்டுரை, ஒளி ஒரு மின்காந்த அலை என்று திட்டமாகச் சொன்னது. அந்தச் சமன்பாடுகளில் அலைநீளத்துக்கு மேல்வரம்பும் கிடையாது, கீழ்வரம்பும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத மற்ற ஸ்தாயிகளுக்கெல்லாம் அன்றே காகிதத்தில் இடம் போட்டாயிற்று.

அவற்றில் ஒன்றைக் கையால் உண்டாக்கிக் காட்டியவர் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ். 1886-க்கும் 1888-க்கும் இடையில், கார்ல்ஸ்ரூ நகரத்துக் கல்லூரியில், ஒரு கம்பி இடைவெளியில் தீப்பொறி பறக்கவிட்டார். சற்றுத் தள்ளி வைத்த கம்பி வளையத்தின் நுண்ணிய இடைவெளியில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒரு பொறி பதிலுக்குப் பறந்தது. துத்தநாகத் தகட்டில் அந்த அலையைப் பிரதிபலிக்க வைத்தார், தாரில் வார்த்த பெரிய முப்பட்டகத்தால் வளைத்தார். ஒளி செய்வதையெல்லாம் அது செய்தது. அந்தச் சின்னப் பொறியை நன்றாகப் பார்க்க வளையத்தை ஓர் இருட்டுப் பெட்டிக்குள் வைத்தபோது பொறி மேலும் பலவீனமானது. காரணத்தைத் துருவிப் பார்த்தார்: முதல் தீப்பொறியிலிருந்து வரும் புறஊதாக் கதிர், இரண்டாவது பொறி பறக்க உதவி செய்துகொண்டிருந்திருக்கிறது. அந்தக் குறிப்பு பின்னால் என்னவாகியது என்பதற்கு வருவேன். ஹெர்ட்ஸ் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1894-ல், 36 வயதில் இறந்தார்.

ஹெர்ட்ஸின் அலைகள் பெரும்பாலும் மீட்டர் கணக்கில் நீளமானவை. அவற்றை மில்லிமீட்டருக்குச் சுருக்கியவர் கல்கத்தா மாநிலக் கல்லூரியின் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ். அவர் காரணம் நேரானது: ஒளி செய்யும் வேலைகளை இந்த அலைகளைக் கொண்டு மேசைமேல் செய்துபார்க்க வேண்டுமானால், அலை சின்னதாக இருந்தால்தான் கருவியும் மேசைக்குள் அடங்கும். 5 மில்லிமீட்டர் வரை சுருக்கினார். அலையைக் குவிக்க உலோகக் கூம்புகள், கடத்தக் குழல்கள், வளைக்கக் கந்தக முப்பட்டகம் எல்லாவற்றையும் உள்ளூர்க் கொல்லர்களை வைத்துச் செய்துகொண்டார். அலையின் அதிர்வுத் திசையைப் பிரித்தறிய அவர் பயன்படுத்திய பொருள்களில் ஒன்று ரயில்வே கால அட்டவணைப் புத்தகம். தாள்களுக்கு நடுவே வெள்ளீயத் தகடுகளைச் செருகியிருந்தார். முறுக்கிய சணல் கட்டுகளும் உண்டு. 1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களைத் தாண்டிப் போன அலையால் தூரத்தில் மணி அடிக்கவும் வெடிமருந்து பற்றவும் செய்து காட்டினார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேசினார். ஈயத்தின் தாதுவான கலீனாவை அலையை உணரும் கருவியாக்கி 1904-ல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். குறைக்கடத்தியைக் கருவியாக்கும் வேலையின் முதல் படிகளில் அது ஒன்று. அவர் கையாண்ட அதே மில்லிமீட்டர் அலைகளைக் கார்களின் ரேடாரும் 5ஜியின் உயர் அலைக்கற்றையும் இன்று எடுத்துக்கொண்டிருக்கின்றன. வயர்லெஸ்ஸை முதலில் கண்டது மார்க்கோனியா, போஸா என்று நம்மூரில் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை போஸுக்குப் பெருமை சேர்ப்பதில்லை. செய்தி அனுப்பும் வணிகத்தில் அவருக்கு ஆர்வம் இருக்கவில்லை; அலை எப்படி நடந்துகொள்கிறது என்பதே அவர் கேள்வி, அதில் அவருக்கு அன்று நிகரில்லை.

எக்ஸ் கதிர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். 1895 நவம்பர் 8, வூர்ட்ஸ்பர்க், வில்ஹெல்ம் ராண்ட்கன், கறுப்பு அட்டையால் மூடிய மின்குழாய், அதற்கு அப்பால் ஒளிர்ந்த திரை. டிசம்பரில் மனைவியின் கை எலும்பைப் படமெடுத்தார். அது அலைதான் என்று உறுதியானது 1912-ல், மாக்ஸ் ஃபான் லாவே படிகத்தின் வழியே அதைச் செலுத்தச் செய்தபோது. பாரிசில் பால் வில்லார் 1900-ல் ரேடியத்திலிருந்து வரும் காமா கதிரைக் கண்டார். எக்ஸ் கதிருக்கும் காமாவுக்கும் நடுவே கோடு எதுவும் இல்லை. எலெக்ட்ரான்களின் ஆட்டத்தில் பிறந்தால் எக்ஸ், அணுக்கருவுக்குள் பிறந்தால் காமா என்று பிறப்பிடத்தை வைத்துத்தான் பெயர் சொல்கிறோம். ஹெர்ஷல் தொடங்கி வில்லார் வரை, 1800-லிருந்து 1900-க்குள், ஒரே நூற்றாண்டில் வாசல்கள் எல்லாம் திறந்துவிட்டன.

ஒரே அலை என்றால், ஒன்று சுவரைத் தாண்டுகிறது, ஒன்று சதையைத் தாண்டி எலும்பில் நிற்கிறது, ஒன்று தோலைச் சுடுகிறது, ஏன்? இதற்குப் பதில் இரண்டு. முதலாவது நீளம்: தன் நீளத்துக்கு ஒப்பான அளவுள்ள பொருளோடுதான் அலை நன்றாக வினைபுரியும். மைக்ரோவேவ் அடுப்பின் கதவைப் பாருங்கள். கண்ணாடிக்குள் துளையிட்ட உலோகத் தகடு இருக்கிறது. துளைகள் ஓரிரு மில்லிமீட்டர். உள்ளேயுள்ள அலை 12 சென்டிமீட்டர். அந்த அலைக்குத் துளை என்று ஒன்று இல்லவே இல்லை, முழுத் தகடுதான். மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நீளமுள்ள ஒளி அதே துளை வழியே தாராளமாக வெளியே வருகிறது. அதனால்தான் சாதம் சூடாவது தெரிகிறது, சூடாக்கும் அலை நம்மை எட்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் வரும்போது நாம் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கும் சென்னை டாப்ளர் ரேடார் படமும் இதே விதியில்தான் நிற்கிறது. அது அனுப்பும் அலை சுமார் 10 சென்டிமீட்டர். சில மில்லிமீட்டரே உள்ள மழைத்துளி அதை மிகக் கொஞ்சமாகத்தான் சிதறடிக்கும். அந்தக் கொஞ்சம் திரும்பி வந்து மழையைக் காட்டுகிறது. மீதி, கொட்டும் மழையையும் துளைத்துப் போய் அதற்கு அப்பாலுள்ள மேகத்தைக் காட்டுகிறது. மூன்று சென்டிமீட்டர் அலையாக இருந்தால் முதல் கனமழையிலேயே பெருமளவு தேய்ந்துபோகும்.

இந்த விதியை மிக அழகாகப் பயன்படுத்திக்கொண்ட கருவி ஊட்டிக்குப் பக்கத்தில், முத்தோரையில் இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் கொண்ட ரேடியோ தொலைநோக்கி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் இந்தியப் பொறியாளர்களே வடிவமைத்துக் கட்டி, 1970-ல் வேலையைத் தொடங்கியது. அதன் ‘கண்ணாடி’, இணையாக இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். கம்பிகளுக்கு நடுவே வானம் தெரியும். அது பிடிக்கும் அலை சுமார் 92 சென்டிமீட்டர். அதற்குக் கம்பிவலையே பளபளப்பான கண்ணாடி. இடத்தேர்வில் இன்னொரு மதிநுட்பம். நீலகிரியில் சுமார் 11 டிகிரி சாய்ந்த, வடக்கு தெற்காக ஓடும் ஒரு மலைச்சரிவைத் தேடிப்பிடித்தார்கள். அந்த ஊரின் அட்சரேகையும் 11 டிகிரிதான். ஆகவே சரிவில் கிடத்திய தொலைநோக்கியின் அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அதை அந்த ஒரே அச்சில் உருட்டினால் போதும், ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். வளர்ந்த நாடுகள் பெரும் பொருள் செலவில் செய்த இயந்திர வேலையில் பாதியை ஒரு மலை செய்துகொடுத்தது. நிலா ஒரு தொலைதூர ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தையும் விடுவிக்கும் கணத்தையும் துல்லியமாகக் குறித்து, அந்த மூலத்தின் உருவளவை அங்கே கணக்கிட்டார்கள். நீலகிரி மூடுபனி அதற்குத் தடையே இல்லை. மேகத்தின் நீர்த்துளி 92 சென்டிமீட்டர் அலைக்கு ஒரு பொருட்டா?

இரண்டாவது பதில் ஆற்றல். ஹெர்ட்ஸ் குறித்துவைத்த புறஊதா விவகாரத்துக்கு இங்கே வருகிறேன். உலோகத்தின்மேல் புறஊதாக் கதிர் பட்டால் எலெக்ட்ரான் வெளியே வருகிறது. துத்தநாகத்தில் சிவப்பொளியை எவ்வளவு பிரகாசமாகப் பாய்ச்சினாலும் ஒன்றுகூட வருவதில்லை. அலைக்கணக்குப்படி பார்த்தால் பிரகாசம் கூடினால் வந்தாக வேண்டும். 1905-ல் ஐன்ஸ்டீன், பிளாங்க் 1900-ல் தொடங்கிய எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, ஒளி தன் ஆற்றலைத் தனித்தனிப் பொட்டலங்களாகவே கொடுக்கும் என்றார். அதைத்தான் ஃபோட்டான் என்கிறோம். பொட்டலத்தின் கனம் அதிர்வெண்ணை மட்டும் பொறுத்தது. எலெக்ட்ரானைப் பிடுங்க வேண்டிய ஆற்றல் ஒரு ஃபோட்டானில் இல்லையென்றால், கோடி ஃபோட்டான்கள் வந்தாலும் சாதாரண நிலையில் அவை சேர்ந்து அந்த வேலையைச் செய்ய முடியாது. அலைகள் ஒன்றே என்று நிரூபித்த அதே சோதனைமேசையில், அவற்றை வெறும் அலையாக மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கான முதல் தடயமும் கிடந்திருக்கிறது!

எது உடம்பைக் கெடுக்கும், எது கெடுக்காது என்ற கேள்விக்கு இந்த விதிதான் அடிப்படை. பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டான் சுமார் 2.3 எலெக்ட்ரான் வோல்ட். உயிரணுவின் மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்புகளைக் கலைக்கச் சில எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி அயனியாக்கப் பத்துக்கு மேல் வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் கைபேசி அலையின் ஒரு ஃபோட்டான், பச்சை ஒளி ஃபோட்டானில் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அலை உடம்பில் செய்யக்கூடியதாகத் திட்டமாகத் தெரிந்த வேலை லேசாகச் சூடேற்றுவது மட்டும். கைபேசிக்கும் கோபுரத்துக்கும் விதித்திருக்கும் வரம்புகள் அந்தச் சூட்டை மனத்தில் வைத்தே போடப்பட்டவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் ரேடியோ அலைகளை, புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கும் ‘சாத்தியம் உண்டு’ என்ற வகுப்பில் வைத்தது உண்மை. சான்று குறைவாக இருக்கும்போதும், சந்தேகத்தை முற்றாக ஒதுக்க முடியாதபோதும் வைக்கும் வகுப்பு அது. அதே அமைப்பு சூரியக் கதிரையும் எக்ஸ் கதிரையும் காமா கதிரையும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகுப்பில் வைத்திருக்கிறது.

2018-ல் வந்த ‘2.0’ படத்தில் கைபேசிக் கோபுரங்களால் பறவைகள் செத்து விழுகின்றன. படத்தின் பறவைப் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் படம் பார்த்து வந்தவர்கள் சிட்டுக்குருவி குறைந்ததற்கு டவரைக் கைகாட்டுவதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஓட்டுச்சாய்ப்பும் பொந்தும் இல்லாத கான்கிரீட் வீடுகள், குஞ்சுக்கு ஊட்டப் புழுப்பூச்சி இல்லாத மருந்தடித்த தோட்டங்கள் என்று நம்மால் இன்றே சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கையில், கண்ணுக்குத் தெரியாத அலைமேல் பழியைப் போடுவது குருவிக்கு எந்த உதவியும் செய்யாது.

அஞ்ச வேண்டிய கதிர் உச்சி வெயிலில் இருக்கிறது. 300 நானோமீட்டர் புறஊதா ஃபோட்டான் நாலு எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்களை அது ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். உயிரணு அதைப் பழுதுபார்க்கத் தவறினால் தவறான பிரதி தொடரும். தமிழ்நாட்டுக் கோடையில் நடுப்பகலில் புறஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சகஜம். அந்த அட்டவணையில் அதுதான் உச்ச அபாய வகுப்பு. நம் தோலின் கருமை தோல் புற்றுநோயிலிருந்து பெருமளவு காக்கிறது. கண்ணுக்கு அந்தக் காப்பு இல்லை. கண்புரைக்குப் புறஊதாவும் ஒரு காரணம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள், உப்பளத்தில் வெள்ளைப் பரப்பின் எதிரொளியில் நின்று உழைப்பவர்கள், இவர்களுக்கு அகல விளிம்புத் தொப்பியும் நல்ல கண்ணாடியும் தருவதை நாம் இன்னும் ஒரு சுகாதாரப் பணியாக நினைக்கவே தொடங்கவில்லை.

மருத்துவமனையிலும் இதே குழப்பம். எல்லாவற்றுக்கும் ‘ஸ்கேன்’ என்று ஒரே பெயர். கர்ப்பிணிக்குச் செய்யும் அல்ட்ராசவுண்ட் வெறும் ஒலி. மின்காந்த அலையே கிடையாது. எம்ஆர்ஐ, காந்தப்புலத்தோடு சேர்த்துப் பயன்படுத்துவது ரேடியோ அலை. பரவலாக இருக்கும் 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அது சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், பண்பலை வானொலிக்குக் கொஞ்சம் கீழே. சிடி மட்டும்தான் எக்ஸ் கதிர். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்குச் சுமார் 0.1 மில்லிசீவர்ட், வயிற்றுச் சிடி ஒன்றுக்குப் பத்தை நெருங்கும். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயல்பாக நமக்கு ஓராண்டில் சேர்வது உலகச் சராசரியில் 2.4. தேவையான சிடி உயிரைக் காக்கும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. எதற்கும் இருக்கட்டும் என்று நாமே கேட்டு எடுத்துக்கொள்ளும் சிடி வேறு விஷயம். எடிசனிடம் எக்ஸ் கதிர்க் குழாய்களோடு வேலைசெய்த கிளாரன்ஸ் டாலி, கைகள் இரண்டையும் இழந்து 1904-ல் இறந்தார். இந்தக் கதிரின் கணக்கை உலகம் கற்றுக்கொண்டது அப்படிப்பட்டவர்களின் உடம்பிலிருந்து.

கண் ஏன் அந்த ஒரு ஸ்தாயியைப் பிடித்துக்கொண்டது? சூரியனின் உச்சம் அங்கே இருக்கிறது, காற்றும் அதை விடுகிறது என்று சொல்வார்கள். அதைவிட வலுவான காரணம் தண்ணீர் என்று எனக்குப் படுகிறது. நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், குறும் புறஊதாவையும் விழுங்கிவிடும். நடுவில், நீலத்தையும் பச்சையையும் ஒட்டிய ஒரு குறுகிய இடத்தில் மட்டும் வியக்கும்படி தெளிந்து நிற்கும். முதல் கண்கள் கடலில் உருவானவை. இன்றும் நம் விழிக்குள் இருப்பது நீர்தான். மற்ற ஸ்தாயிகளைத் தொட்ட உயிர்களும் உண்டு. தேனீ புறஊதாவைப் பார்க்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள குழியால் எலியின் உடல் வீசும் அகச்சிவப்பை உணர்கிறது. அந்தச் சூடு நம் உடம்பிலும் சுமார் 10 மைக்ரோமீட்டர் அலையாக ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. வானிலைச் செயற்கைக்கோள் இரவிலும் மேகத்தைப் படமெடுப்பது இந்த அலையில்தான். வீட்டிலேயே அகச்சிவப்பைப் பார்க்க வேண்டுமானால் டிவி ரிமோட்டின் முனையைக் கைபேசியின் முன்கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான கைபேசிகளில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத விளக்கு திரையில் ஊதா கலந்த வெள்ளையாகச் சிமிட்டும்.

காற்றுமண்டலம் எல்லா ஸ்தாயிகளையும் கீழே விடுவதில்லை. பார்க்கும் ஒளி, அகச்சிவப்பின் சில துண்டுகள், ரேடியோவின் ஒரு பெரிய பகுதி ஆகியவற்றுக்குத்தான் அனுமதி. மற்றவற்றுக்கு மேலே போயாக வேண்டும். 1999-ல் விண்ணுக்குப் போன எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரை நினைத்துச் ‘சந்திரா’ என்று பெயரிட்டார்கள். புறஊதாவையும் எக்ஸ் கதிரையும் ஒரே நேரத்தில் பார்க்கும் இந்தியாவின் ‘ஆஸ்ட்ரோசாட்’ 2015-ல் போனது.

இன்னும் சரியாகத் திறக்காத வாசல் ரேடியோப் பக்கத்தில், நாம் பாட்டுக் கேட்கும் இடத்திலேயே இருக்கிறது. ஹைட்ரஜன் அணு இயல்பாக 21 சென்டிமீட்டர் அலையை வீசும், அந்த அலையையே உறிஞ்சவும் செய்யும். முதல் நட்சத்திரங்கள் பற்றிய காலத்து ஹைட்ரஜன் பதித்த தடம், பேரண்டம் விரிந்ததில் இழுபட்டு இன்று சில மீட்டர் நீளத்துக்கு வந்து நிற்க வேண்டும்; அதாவது பண்பலை அலைவரிசையிலும் அதன் அக்கம்பக்கத்திலும். 2018-ல் ஓர் அமெரிக்கக் குழு ஆஸ்திரேலியப் பாலையில் வைத்த கருவி 78 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தடத்தைக் கண்டதாக அறிவித்தது. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தினர் சரஸ்-3 என்ற தங்கள் ஆண்டெனாவை 2020-ல் கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும் சராவதி ஆற்றுத் தேக்கத்திலும் மிதக்கவிட்டார்கள். கருவிக்கு அடியிலுள்ள மண் இடத்துக்கு இடம் மாறி அளவைக் குழப்பும். நீர் ஒரே சீராக இருக்கும். 2022-ல் வெளியான அவர்கள் முடிவு: அமெரிக்கர்கள் சொன்ன வடிவில் அந்தத் தடம் வானத்தில் இல்லை. அப்படியானால் உண்மையான தடம் எப்படி இருக்கும்? பண்பலை நிலையங்களின் இரைச்சலும் அயனிமண்டலத்தின் கலக்கமும் இல்லாத ஓர் இடத்தில்தான் அதைக் கேட்க முடியும். பூமியின் ரேடியோ ஓசை எட்டாத நிலவின் மறுபக்கத்துக்கு மேலே பறந்தபடி அளக்க, ‘பிரதுஷ்’ என்ற கருவியை அதே நிலையம் இப்போது வடிவமைத்துக்கொண்டிருக்கிறது.